இராட்டினமும் இளங்குழந்தையும்

பொழுதுபோக்குப் பூங்காக்களில் இராட்டினங்களின் வாயிலில் ஓர் உயரக்கோல் நட்டிருப்பதைக் காணலாம். கோமாளியோ குரங்கோ கையை நீட்டி நிற்பதுபோல் ஒரு பலகை. அந்தக் கைக்கு மேலே குழந்தையின் தலை எட்டினால் உள்ளே போகலாம். எட்டாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். கொல்கத்தாவின் நிக்கோ பூங்காவாயினும், பெங்களூரின் வொண்டர்லாவாயினும், மும்பைக்கும் புணேக்கும் இடையே கோபோலி அருகிலுள்ள இமேஜிகாவாயினும் முறை ஒன்றே. அக்கோலின் முன் நாள்தோறும் சிறு நாடகம் நடக்கிறது. பிள்ளை குதிகாலைத் தூக்கி நிற்கிறான்; தாய் அவன் தலைமயிரைச் சற்றே எழுப்பி விடுகிறாள்; தலை எட்டிற்று என்றதும் குடும்பமே மகிழ்கிறது. இந்தக் குழந்தை இந்த இராட்டினத்துக்கு ஏற்றவன் என்று தீர்ப்புக் கிடைத்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணிக்கொள்கின்றனர்.

உண்மையில் அந்தக் கோல் அளப்பது உடலை மட்டுமே. மடியின்மேல் இறங்கும் இரும்புக்கம்பி தொடையில் சரியாகப் படியுமா, தோள்பட்டைக் காப்பு கழுத்தில் இடிக்காமல் தோளிலேயே நிற்குமா, கால் தரையில் ஊன்றுமா என்பனவே அதன் கேள்விகள். இவற்றுக்குத் தக்க காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்குதான். நான்கு ஐந்து வயதில் கூட உடலுக்குத் தலை பெரிது, கழுத்துத் தசையோ மெலிது. வண்டி சட்டென்று திரும்பும்போது நமக்கு வேடிக்கையாயிருக்கும் குலுக்கல் அவ்வயதுக் குழந்தையின் கழுத்துக்குப் பெருஞ்சுமையாகும். ஆகவே கோலை ஏமாற்றுவது, செருப்பின்மேல் செருப்பு வைத்து நிறுத்துவது போன்ற தந்திரங்கள் எந்நிலையிலும் கூடா.

ஆயினும் அந்தக் கோல் குழந்தையின் மனத்தை அளக்கவில்லை. அளப்பதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. மனத்தை அளக்கும் பொறுப்பு அழைத்துச் சென்ற பெரியவர்களுடையது. அதை எங்ஙனம் செய்வது என்பதே இங்கு நாம் ஆராயப்போவது.

முதற்கண் ஆபத்தையும் அச்சத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் போல் வீசியாடும் இராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து இருவர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 2022 செப்டம்பரில் மொகாலி நகரின் கண்காட்சி ஒன்றில், உயரே ஏறி இறங்கும் கோபுர இராட்டினம் நிலைதவறி விழுந்து பலர் அடிபட்டனர். இவை இரும்பின் குற்றமும் பராமரிப்பின் குற்றமுமாகும். குழந்தை அஞ்சினானா இல்லையா என்பதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. மிகவும் அஞ்சவைக்கும் இராட்டினம் நன்கு பராமரிக்கப்பட்டதாய் இருக்கலாம். அச்சமே தராத சிறு குதிரை இராட்டினத்தின் அச்சு தேய்ந்திருக்கலாம். திருகாணிகளை நாம் சோதிக்க இயலாது. பொறுப்பாளர் ஒவ்வோர் இருக்கையின் கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, அன்றி விசிலை ஊதிவிட்டு விசையைத் தட்டுகிறாரா என்பதை மட்டும் நாம் பார்க்கலாம். பின்னவர் நடத்தும் இராட்டினத்தைப் பற்றி மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை, விலகிச் செல்லலாம்.

ஆனால் ஆபத்தும் அச்சமும் ஒன்று கலக்கும் இடம் ஒன்றுண்டு. அதனை மறந்துவிடக் கூடாது. ஓடும் வண்டியில் மிரண்டுபோன குழந்தை இறங்கிவிட முயலும். எழுந்து நிற்கும், கம்பிக்குக் கீழே நழுவி வெளியே வரப் பார்க்கும். இருவருக்கும் பொதுவாக ஒரே கம்பி இறங்கும் வண்டிகளில் இது இன்னும் எளிது. கம்பி பெரியவரின் தொடையிலோ வயிற்றிலோ முட்டி நின்றுவிடுகிறது. பக்கத்தில் ஒடுங்கியிருக்கும் சிறுவனுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் வெளி கிடக்கிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அவ்வெளியால் தீங்கு நேர்வது அரிது. மிரண்ட குழந்தைக்கு அதுவே வாயிலாகிவிடும். எனவே குழந்தையின் அச்சத்தைக் கணிப்பது செல்லம் கொடுப்பதைச் சேர்ந்ததன்று, பாதுகாப்பைச் சேர்ந்ததே.

அச்சம் வேகத்திலும் உயரத்திலும் மட்டும் இருப்பதாக எண்ணுவோருக்கு அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். 1955ஆம் ஆண்டு அப்பூங்கா திறக்கப்பட்டபோதே ஸ்னோ ஒயிட் கதையைச் சொல்லும் சிறு வண்டிப் பயணம் ஒன்றும் அதில் அமைந்திருந்தது. வண்டி மெதுவாக ஊர்ந்து செல்லும், செங்குத்தாக விழுவதில்லை, தலைகீழாகச் சுழல்வதில்லை, உயரக்கோலும் இல்லை. கைக்குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் உள்ளே இருட்டு. கண்ணாடியைப் பார்த்து நின்ற அரசி திரும்பும்போது சூனியக்கிழவியின் முகம் தெரியும். அக்கிழவி வழியெங்கும் மீண்டும் மீண்டும் தோன்றுவாள். இதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. வண்டியில் செல்பவரே ஸ்னோ ஒயிட் என்று அமைத்தவர்கள் கருதியதால், அப்பெண்ணின் உருவத்தை உள்ளே எங்கும் வைக்கவில்லை. கதையின் நாயகியைக் காண வந்த குழந்தை கிழவியை மட்டும் கண்டு திரும்பியது. 1983இல் இதனைப் புதுப்பித்தபோது நாயகியின் உருவத்தைச் சேர்த்தார்கள்; பெயரிலேயே ‘அச்சமூட்டும்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். புளோரிடாவிலிருந்த இதன் மறுபதிப்பு 1994இல் மென்மையாக்கப்பட்டு 2012இல் மூடப்பட்டது. கலிபோர்னியாவிலுள்ள மூலப் பயணம் 2021இல் இன்னும் இனிமையான வடிவமும் பெயரும் பெற்றது. நடைவேகத்தில் செல்லும் ஒரு சிறுவண்டியைக் குழந்தைகளுக்கு ஏற்றதாக்கத் தேர்ந்த கலைஞர்கள் இவ்வளவு காலம் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்றால், வேகம் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிடுவது எவ்வளவு போதாதது என்பது விளங்கும்.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்தில் அச்சம் நான்கு பொருள்களால் பிறக்கும் என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பூங்காவில் ஒருமுறை சுற்றி வந்தால் இந்நான்கும் அங்கே கடை விரித்திருப்பது புலனாகும். பேய்வீட்டில் அணங்கு, வாயைத் திறந்து மூடும் முதலையும் கொரில்லாவும் விலங்கு, கப்பல் இராட்டினத்தில் கண்ணுக்குக் கறுப்புத்துணி கட்டிய கடற்கொள்ளையர் கள்வர். நான்காவதாகிய இறை, அதாவது தன்மேல் அதிகாரமுடைய பெரியோர், எங்கே என்று தேட வேண்டியதில்லை. “இவ்வளவு பணம் கட்டி அழைத்து வந்திருக்கிறேன், ஏறமாட்டேன் என்கிறாயா?” என்று வரிசையில் பின்னால் நிற்கிறாரே, அவர்தாம். பல குழந்தைகள் இராட்டினத்துக்கு அஞ்சியும் அதில் ஏறிவிடுவது இந்த நான்காம் அச்சம் முந்தியதைவிடப் பெரிதாயிருப்பதனாலேயே. அவர்கள் ஏறியதைக் கண்டு ‘தைரியம் வந்துவிட்டது’ என்று நாம் மகிழ்வது பொருந்தாது.

எந்த வயதில் எதற்கு அஞ்சுவார்கள் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு மூன்று வயதில் அச்சம் தருவன திடீர் ஒலி, அறிமுகமற்ற முகம், தாயின் கை விலகுதல் ஆகியவை. பூங்கா வாயிலில் பெரிய தலை வைத்த கரடி வேடக்காரர் அன்போடு கைகுலுக்க வருவார். நமக்கு அது சிரித்த முகம். குழந்தைக்கோ அசையாத வாயும் இமைக்காத கண்ணுமுள்ள ஓர் உருவம் தன்னை நோக்கி வருகிறது. வடநாட்டு நகரங்களில் தசராவன்று தந்தையின் தோளில் அமர்ந்து இராவணன் எரிவதைக் காணும் சிறு குழந்தைகளைக் கவனித்தவர்கள் இதை அறிவார்கள். பத்துத் தலையை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. உள்ளிருக்கும் வெடிகள் வெடிக்கத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு கதறுகிறார்கள்.

மூன்றிலிருந்து ஆறு வயதுவரை இருட்டும், பேயும், உருமாறும் பொருள்களும் முதலிடம் பெறுகின்றன. இவ்வயதில் குழந்தைக்கு மெய்யும் பொய்யும் அறவே தெரியாது என்று சொல்வதற்கில்லை. “அது பொம்மைதானே?” என்று கேட்டால் “ஆமாம், பொம்மைதான்” என்றே விடை வரும். ஆனால் அந்த அறிவு இருட்டில் துணைக்கு வருவதில்லை. பொம்மை என்று தெரிந்துகொண்டே அழும் குழந்தையை நாம் பொய்யழுகை அழுவதாகக் கடிந்துகொள்கிறோம். திரைப்படத்தில் தாய் இறக்கும் காட்சியில் நடிகை என்று தெரிந்துகொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் நாமும்தான்.

ஏழு எட்டு வயதானபின் அச்சம் உலகியலுக்கு வந்துவிடுகிறது. பேய் போய், ‘கம்பி அறுந்தால்?’, ‘மேலே நின்றுவிட்டால்?’ என்ற வினாக்கள் எழும். இதனால் பெற்றோரைத் திகைக்க வைக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டாகிறது. ஐந்து வயதில் ஜயண்ட் வீலில் சிரித்துக்கொண்டே சுற்றியவன் எட்டு வயதில் ஏறமாட்டேன் என்கிறான். பின்னடைந்துவிட்டான் என்று தந்தை வருந்துகிறார். பின்னடைவு ஒன்றுமில்லை, விழுதல் என்றால் என்ன என்பதை இடையில் அறிந்துகொண்டிருக்கிறான். தம்பி துணிந்து ஏறுவதும் தமையன் தயங்குவதும் இதனாலேயே. அவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசுவது முற்றிலும் நியாயமற்றது.

இனி உடலின் செய்தி. வண்டி கீழ்நோக்கிப் பாயும்போது வயிறு தொண்டைக்கு ஏறிவருவதுபோல் தோன்றுகிறதே, அது கற்பனையன்று. இருக்கையும் நாமும் ஒரே வேகத்தில் விழும்போது இருக்கை நம்மைத் தாங்குவதில்லை. உடலுக்குள்ளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் உறுப்புகள் தம் தாங்குதலை இழக்கின்றன. காதின் உட்புறத்தில் மேல் கீழ் உணர்த்தும் நுண்ணிய சுண்ணாம்புமணிகளும் ‘விழுகிறோம்’ என்று மூளைக்கு அறிவிக்கின்றன. பெரியவர்களுக்கும் இதே அறிவிப்பு வருகிறது. ஆனால் தண்டவாளம் உண்டு, கம்பி உண்டு, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அறிந்திருப்பதால் அவர்கள் அதனைச் சிரிப்பாக மாற்றிக்கொள்கிறார்கள். குழந்தைக்கு அந்த அறிவில்லை. விழுகிறோம் என்றால் விழுகிறோம் என்றே அது நம்புகிறது. ஆங்கிலத்தில் ‘த்ரில்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழில் பெயர்க்க நேர்ந்தால் மெய்சிலிர்ப்பா, திகிலா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே வண்டியில் அருகருகே அமர்ந்த தந்தைக்கு முன்னதும் மகளுக்குப் பின்னதும் நேரலாம்.

இருட்டு இதனைப் பன்மடங்காக்குகிறது. புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் 1975இல் திறந்த ‘ஸ்பேஸ் மவுண்டன்’ என்னும் ரோலர் கோஸ்டரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம்கூட இல்லை. ஆயினும் கட்டடத்துக்குள் இருளில் ஓடுவதாலும், அடுத்த திருப்பம் எப்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாததாலும், அதிவேகமாகப் போவதுபோல் தோன்றுகிறது. வெளியே நின்று தண்டவாளம் முழுவதையும் பார்க்க முடிகிற இராட்டினமும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத இராட்டினமும் குழந்தைக்கு ஒன்றல்ல.

நம்மூர்க் கண்காட்சிகளின் ஜயண்ட் வீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலண்டன் ஆற்றங்கரையிலுள்ள பெருஞ்சக்கரம் 135 மீட்டர் உயரமுடையது. ஒருமுறை சுற்ற அரைமணி நேரம் எடுக்கும். மூடிய அறைக்குள் நின்றபடி ஊரைப் பார்க்கலாம். நம் மேளாவின் சக்கரமோ அதன் உயரத்தில் சிறு பங்கே. ஆனால் திறந்த தொட்டியோடு விரைந்து சுழலும். இறங்கு பக்கத்தில் வயிற்றைக் கலக்கும். ஆள் ஏற்ற உச்சியில் நிறுத்திவைத்துத் தொட்டி ஊசலாட விடுவார்கள். உயரத்தைக் கேட்டு அஞ்சாமலும் அஞ்சியும் முடிவு செய்வது பயனற்றது. சுழற்சியைச் சற்று நேரம் நின்று பார்த்தல் வேண்டும். இருக்கையும் முக்கியம். கொலம்பஸ் என்று மக்கள் வழங்கும் கப்பல் இராட்டினத்தில் இரு கோடிகளிலும் உள்ள இருக்கைகளே மிக உயரம் ஏறுகின்றன. நடுவில் அமர்ந்தவருக்குப் பாதி அனுபவமே. ரோலர் கோஸ்டரில் முன்பெட்டிகள் முகட்டைத் தாண்டிக் கடைசிப் பெட்டியை வெடுக்கென்று இழுப்பதால் பின்னால் இருப்பவருக்கே வீழ்ச்சி கடுமை. இதையறியாமல் ‘குழந்தை பயப்படுகிறான், பின்னால் ஒளிந்து உட்காரட்டும்’ என்று கடைசி வரிசையில் ஏற்றுவோர் உளர்.

கணிப்பதற்கு நல்ல இடம் இராட்டினத்தின் இறங்குவழி. ஏறும் வரிசையில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் நிற்பார்கள். இறங்குவோரின் முகமே உண்மையைச் சொல்லும். தன் வயதொத்த பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று குழந்தையையும் உடன் நிறுத்திப் பார்க்கச் செய்யலாம். இரண்டு முழுச் சுற்று பார்த்தபின் அதன் உடலைக் கவனித்தால் போதும். கால் முன்னே போகிறதா, நம் முழங்காலுக்குப் பின்னே போகிறதா? “அந்தச் சிவப்புப் பெட்டியில் உட்காரலாமா அப்பா?” என்று தானே திட்டமிடுகிறதா, அன்றி “எனக்குத் தாகமாயிருக்கிறது”, “வயிறு வலிக்கிறது” என்று வேறு பேச்சு எடுக்கிறதா? வயிற்றுவலி பொய்யென்று எண்ண வேண்டாம். அச்சத்தில் வயிறு மெய்யாகவே வலிக்கும்.

இக்காலத்தில் பல இராட்டினங்களின் உட்புறத்தைக் காட்டும் காணொளிகள் யூடியூபில் கிடைக்கின்றன. முன்னாள் இரவு வீட்டில் மடியில் வைத்துக் காட்டலாம். பேய்வீடு, இருட்டுக் குகை போன்றவற்றுக்கு இது சிறந்த சோதனை. திரையில் கண்டே முகத்தை மூடிக்கொள்ளும் குழந்தை நேரில் என்ன செய்யும் என்பது வெளிப்படை. ஆனால் வீழ்ச்சியுள்ள இராட்டினங்களுக்கு இது பயன்படாது. திரை வயிற்றைக் கலக்குவதில்லை. அவற்றுக்குப் படிப்படியான பழக்கமே வழி. அசையாத இருக்கையுள்ள குடை இராட்டினம், பின்பு ஏறியிறங்கும் மரக்குதிரை, பின்பு குழந்தைகளுக்கென்றே அமைத்த சிறு ரோலர் கோஸ்டர் என்று போகலாம். ஒவ்வொன்றின் பின்னும் “இன்னொரு தடவை” என்ற சொல் தானாக வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். “பிடித்ததா?” என்று நாம் கேட்டால் நம் முகத்தைப் பார்த்து “பிடித்தது” என்றே சொல்லும்.

ஓடும்போது கூச்சலிடுவது அச்சத்தின் அடையாளமென்று கொள்ள வேண்டியதில்லை. கூச்சலும் சிரிப்பும் மாறிமாறி வந்தால் நலமே. வாயடைத்து, உடல் விறைத்து, வெளிறிப்போய் ஒரே திசையில் வெறிக்கும் குழந்தைதான் நம் கவலைக்குரியது. ‘அழவே இல்லை, சமர்த்து’ என்று பாராட்டப்படும் குழந்தைகளில் இத்தகையோர் பலர். அன்றிரவு படுக்கையை நனைப்பதும், விளக்கை அணைக்க விடாததும், மறுவாரம் மின்தூக்கியில் ஏற மறுப்பதும் அந்தச் சமர்த்தின் தொடர்ச்சியாக இருக்கக்கூடும்.

ஏறுவதென்று முடிவானால் என்ன நடக்கும் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவதே முறை. “ஒன்றும் இல்லை, பயமே இருக்காது” என்பது பொய். முதல் திருப்பத்திலேயே அது பொய்யென்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். அடுத்தமுறை மருத்துவரிடம் அழைத்துச் சென்று “வலிக்காது” என்னும்போது அது நம்மை நம்பாது. “முதலில் இருட்டாக இருக்கும். ஒரு பெரிய சத்தம் கேட்கும். நீ என் கையைப் பிடித்துக்கொள். இருபது எண்ணி முடிப்பதற்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடுவோம்” என்று சொல்லலாம், ஆனால் இருபது எண்ணுவதற்குள் முடியுமா என்று முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆண்பிள்ளை பயப்படலாமா என்று கேட்பதும், அத்தைமகன் ஏறிவிட்டான் பார் என்று காட்டுவதும் வேண்டா.

குழந்தை கடைசி நொடியில் மறுத்தால் வரிசையில் இவ்வளவு நேரம் நின்றது வீணாயிற்றே என்ற எரிச்சல் எவருக்கும் வரும். பெரும்பாலான இராட்டினங்களில் ஏறுமேடையிலேயே வெளியேறும் வழியும் இருக்கிறது. பொறுப்பாளரிடம் சொன்னால் திறந்துவிடுவார். டிஸ்னி பூங்காக்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. தாய் குழந்தையோடு கீழே நிற்க, தந்தை சென்று வருவார். பின்பு தாய் மீண்டும் நீண்ட வரிசையில் நிற்காமல் தன் முறைக்குச் செல்லலாம். நம் பூங்காக்களிலும் கூட்டம் குறைந்த வாரநாள்களில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை குழந்தை நிழலில் அமர்ந்து சோளப்பொரி தின்றுகொண்டு, உயரே சுற்றும் தந்தை எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கும்.